உங்களுக்குத் தெரியுமா? கவரைப்பேட்டையிலிருந்து கடலுக்கும் காட்டுக்கும்

கவரைப்பேட்டை என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவு வருவது 2024 அக்டோபர் 11 இரவுதான். நேர் பாதையில் போக வேண்டிய மைசூரு–தர்பங்கா பாக்மதி எக்ஸ்பிரஸ், லூப் லைனுக்குள் புகுந்து, நின்றுகொண்டிருந்த சரக்கு ரயிலின் மேல் மோதியது. உயிரிழப்பு இல்லை என்பது பெரும் அதிர்ஷ்டம். உள்ளூர்க்காரர்களுக்கோ இது கல்லூரி பஸ்ஸும், கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஷிப்ட் ஆட்களை ஏற்றும் கம்பெனி வேனும், இரவெல்லாம் ஓயாத லாரிச் சத்தமுமாக இருக்கும் ஊர். இங்கிருந்து கிழக்கே முக்கால் மணி நேரத்தில் பூநாரைகள் மேயும் உப்பங்கழி, மேற்கே ஒரு மணி நேரத்தில் மலைக்காடு. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் லீவு சேர்த்து வைக்கிறவர்கள் ஒரு சனி, ஞாயிறை இந்தப் பக்கம் செலவழித்துப் பார்க்கலாம்.

கடலோரச் சாலை கிடையாது

சென்னைக்குத் தெற்கே ஈ.சி.ஆர். இருப்பதுபோல வடக்கேயும் கடலை ஒட்டியே ஓட்டிக்கொண்டு போகலாம் என்று கிளம்புகிறவர்கள் பழவேற்காட்டில் வந்து நிற்பார்கள். அதற்கு மேல் வழி இல்லை. வடக்கே முகத்துவாரம், அதைத் தாண்டினால் ஸ்ரீஹரிகோட்டா தீவு, இஸ்ரோவின் காவலில். ஆகவே திட்டம் போடும்போது மீன் முள்ளை நினைத்துக்கொள்ளுங்கள். நடு எலும்பு கொல்கத்தா நெடுஞ்சாலை. வலப்பக்க முட்கள் ஏரிக்குப் போகின்றன, இடப்பக்க முட்கள் மலைக்கு. ஏரிப் பக்கத்து முட்கள் ஒவ்வொன்றிலும் போய்த் திரும்பி நெடுஞ்சாலைக்கே வர வேண்டும். ஆரம்பித்த இடத்துக்கே வட்டமடித்து வந்துவிடலாம் என்று மேப்பில் கோடு போட்டால் நேரக் கணக்கு உதைக்கும்.

அந்த நெடுஞ்சாலையைப் பழைய ஆட்கள் இன்னும் ஜி.என்.டி. ரோடு என்றுதான் சொல்வார்கள். பிறகு அது என்.எச். 5 ஆனது. இப்போது என்.எச். 16.

ஆனால் ஓர் ஆறு இருக்கிறது

கடலையும் காட்டையும் இணைக்கும் ரோடு இல்லையே தவிர, ஆறு உண்டு. ஆரணியாறு ஆந்திர மலைகளில் பிறந்து, பிச்சாட்டூர் அணையில் தேங்கி, சுருட்டப்பள்ளி, ஊத்துக்கோட்டை, பெரியபாளையம் வழியாக இறங்கி, கவரைப்பேட்டைக்குப் பக்கத்தில் நெடுஞ்சாலையைக் கடந்து, பொன்னேரியைத் தொட்டு, பழவேற்காடு ஏரியில் கலக்கிறது. வருஷத்தில் பாதி நாள் மணல்தான் ஓடும். பிச்சாட்டூரில் மதகு திறந்தார்கள் என்றால் மட்டும் கரையோர ஊர்களுக்கு எச்சரிக்கை வரும், தரைப்பாலங்கள் முழுகும். நவம்பரில் இந்தப் பக்கம் வருகிறவர்கள் கிளம்பும் முன் அணைச் செய்தியைப் பார்த்துவிடுவது நல்லது.

இந்தப் பயணத்தில் இந்த ஆற்றை ஒரு தடவையாவது கடப்பீர்கள்.

சென்னைக்கு முன்பே கோட்டை

சென்னையில் ஆங்கிலேயர் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கு இடம் பார்ப்பதற்குக் கால் நூற்றாண்டு முன்பே, 1613இல், பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் ஜெல்ட்ரியா கோட்டையைக் கட்டத் தொடங்கிவிட்டார்கள். சோழமண்டலக் கரை முழுவதற்கும் அவர்களுடைய தலைமையகம் அதுதான். 1690இல்தான் நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள். இங்கிருந்து போனது கைத்தறித் துணி மட்டுமல்ல. வெடிமருந்து செய்தார்கள், நாணயம் அடித்தார்கள், பஞ்ச காலங்களில் மனிதர்களை அடிமைகளாக வாங்கி பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) கப்பலேற்றினார்கள். இந்தக் கடைசி விஷயத்தை ஊரில் எந்தப் பலகையும் பெரிதாகச் சொல்வதில்லை.

கோட்டையைத் தேடி அலைய வேண்டாம். புதரும் மேடும்தான் மிச்சம். கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள். வாசல் தூண்களில் இரண்டு எலும்புக்கூடுகள் செதுக்கியிருக்கும். உள்ளே கிடக்கும் கல்பலகைகளில் குலச் சின்னங்கள், கப்பல்கள், சுருள் எழுத்துகள். பதினேழாம் நூற்றாண்டுக் கல்லில் உளி பட்ட ஓரங்கள் இன்னும் கூர்மையாக இருக்கின்றன. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். கல்லின் மேல் உட்கார்ந்து போட்டோ எடுப்பதைத் தவிர்க்கலாம்.

நேரம் இருந்தால் இன்னும் மூன்று: 1515இல் தொடங்கிய மகிமை மாதா ஆலயம், பழைய பள்ளிவாசல் ஒன்றில் தொழுகை நேரம் பார்க்க வைத்த சூரியக் கடிகாரம், ஆதிநாராயணப் பெருமாள் கோயிலில் விரல் நீளத்துக்குச் செதுக்கிய ராமாயணக் காட்சிகள். கடைசியாகச் சொன்னது செம்பாறாங்கல்லில் எழுந்த கோயில். நம் பக்கத்துக் கருங்கல் கோயில்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்தச் சிவப்பே புதிதாக இருக்கும்.

ஏரிக்குள்ளும் பட்டா உண்டு

பழவேற்காடு ஏரி, ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பெரும் பகுதி ஆந்திராவில். தெற்கு முனை மட்டும் நமக்கு. கடல் மாதிரி தெரிந்தாலும் பல இடங்களில் இடுப்பளவு தண்ணீர்கூட இருக்காது. முகத்துவாரம் மணலால் அடைபட்டால் கடல் நீர் உள்ளே வருவது நின்று, கோடையில் ஏரி காய்ந்து உப்பு ஏறிவிடும். இறாலும் நண்டும் குறைந்துபோகும். மீனவர்கள் ஆண்டாண்டாக முகத்துவாரத்தை நிரந்தரமாகத் திறந்து வைக்கக் கேட்பதன் காரணம் இதுதான்.

இங்கே யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்பதற்குப் ‘பாடு’ என்ற பழைய முறை இருக்கிறது. உரிமை உள்ள மீனவக் கிராமங்கள் தங்களுக்குள் இறால் பிடிக்கும் இடங்களைப் பிரித்துக்கொண்டு, சீட்டு எடுத்து முறை வைத்துக்கொள்கின்றன. தலைமுறை தலைமுறையாக நடக்கிற ஏற்பாடு. இயற்கை வளத்தை ஊர்க்காரர்களே பங்கிட்டு நிர்வகிப்பதற்கு உதாரணமாக ஆய்வாளர்கள் இதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள்.

சாப்பாட்டு விஷயம்: மடவை மீன், இறால், களி நண்டு. காலையிலேயே போய்விட்டால் ஏலத்தைப் பார்க்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது கடல் மீன் வரத்து குறையும், விலை ஏறும்.

படகுக்காரர் கூப்பிட்டால்?

போகாதீர்கள். 2011 டிசம்பர் 25 அன்று, கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்தவர்கள் ஏறிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். குழந்தைகளும் அதில் உண்டு. அதன் பிறகு சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை போட்டார்கள். பேரம் பேசிக் கூட்டிப்போக யாராவது முன்வந்தால், லைப் ஜாக்கெட் எங்கே என்று கேட்டுப் பாருங்கள்.

விறகு வந்த வழி

பழவேற்காட்டைத் தொட்டுக்கொண்டு போகும் பக்கிங்ஹாம் கால்வாய் ஒரு காலத்தில் நெடுஞ்சாலைதான். 1806இல் கொக்ரேன் கால்வாய் என்ற பெயரில் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே தொடங்கியது. 1876–78 பஞ்சத்தில் கூலிக்கு வந்தவர்களைக் கொண்டு நீட்டித்து, அப்போதைய கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயரை வைத்தார்கள். ஆந்திரத்தின் பெத்தகஞ்சத்திலிருந்து மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர். ராக்கெட் விடுகிற ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்னை அடுப்புகளுக்கு விறகு படகு படகாக வந்தது இந்த வழியில்தான்.

மாவட்டம் மாறிவிட்டது

ஆரம்பாக்கம் தாண்டினால் ஆந்திரா. தடாவும் சூளூர்பேட்டையும் நெல்லூர் மாவட்டம் என்று பழைய மேப்பில் இருக்கும். 2022 ஏப்ரல் 4 முதல் அவை திருப்பதி மாவட்டம். எல்லையில் மறக்கக் கூடாத ஒன்று, தமிழ்நாட்டுப் பக்கமே டேங்க்கை நிரப்பிக்கொள்வது. ஆந்திராவில் பெட்ரோலும் டீசலும் லிட்டருக்குச் சில ரூபாய் கூடுதல். ஆந்திர நம்பர் வண்டிகள் நம் பங்க்குகளில் வரிசையில் நிற்பதைப் பார்த்தாலே புரியும். சொந்தக் காருக்கு பர்மிட் தேவையில்லை; வாடகைக் கார் என்றால் டிரைவரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், செக்போஸ்ட்டில் போய்க் கேட்காதீர்கள்.

இரண்டு பக்கமும் ஏரி

என்னைக் கேட்டால், இந்தப் பயணத்தில் வண்டி ஓட்டுவதற்காகவே போக வேண்டிய ரோடு ஒன்றே ஒன்று: சூளூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்கு ஏரியின் குறுக்கே போடப்பட்ட சாலை. கிலோமீட்டர் கணக்கில் இரண்டு பக்கமும் தண்ணீர். கோடையில் வெள்ளையாக உப்புப் படிந்த சேறு. நவம்பர் முதல் பிப்ரவரி வரை பூநாரைகள் கூட்டமாக நிற்கும்.

பூநாரை இரை எடுப்பதை நின்று கவனித்திருக்கிறீர்களா? நீண்ட கழுத்தை வளைத்து, தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, வளைந்த அலகின் மேல்பகுதி கீழே இருக்கும்படி தண்ணீருக்குள் விடும். நாக்கைப் பம்பு மாதிரி அடித்து நீரை உள்ளே இழுத்து வெளியே தள்ளும். அலகின் ஓரத்தில் இருக்கும் சல்லடையில் பாசியும் நுண்ணிய இறால் வகைகளும் தங்கிவிடும். இறகுக்கு ரோஜா நிறம் தருவதும் அந்தச் சாப்பாட்டில் இருக்கும் நிறமிதான். குஞ்சுகள் சாம்பல் நிறம். ஆனால் குஞ்சு பொரிப்பதை இங்கே தேடாதீர்கள். அதற்குக் கட்ச் ரண் போன்ற இடங்கள் இருக்கின்றன. இங்கே வருவது மேய்ச்சலுக்கு.

பைனாகுலர் இல்லாமல் போனால் தூரத்தில் ரோஜா நிறக் கோடு ஒன்றுதான் தெரியும். கார் ஹாரன் அடித்தால் அந்தக் கோடும் தெரியாது.

கூழைக்கடாக்களுக்கு நெலப்பட்டு. சூளூர்பேட்டைக்கு வடக்கே சுமார் 20 கிலோமீட்டர். 1976இல் சரணாலயம் ஆனது, சுமார் 459 ஹெக்டேர். தண்ணீருக்குள் நிற்கும் கடம்ப மரங்களில் கூடு கட்டி, குஞ்சுகளுக்கு மீன் பிடிக்கப் பழவேற்காடு ஏரி வரை பறந்துபோய்த் திரும்பும். பூநாரைகளையும் கூழைக்கடாக்களையும் வைத்து சூளூர்பேட்டையில் 2001இல் பிளமிங்கோ திருவிழா தொடங்கினார்கள். நடக்கிற ஆண்டில் கூட்டம் நெரியும்; பறவை பார்க்க வேண்டுமானால் திருவிழா முடிந்த வாரம் போவதே மேல்.

ராக்கெட் ஏன் வளைகிறது?

ஸ்ரீஹரிகோட்டாவை 1969இல் தேர்ந்தெடுத்தார்கள். கிழக்கே திறந்த கடல். பூமியின் சுழற்சி கொடுக்கும் இலவசத் தள்ளு. ஆள் நடமாட்டம் குறைவு. குறைவே தவிர, இல்லை என்று இல்லை: தீவில் இருந்த யானாதிப் பழங்குடியினர் இடம்பெயர வேண்டியதாயிற்று. 1971 அக்டோபர் 9 அன்று ரோகிணி 125 என்ற சிறு ராக்கெட்டுடன் வேலை தொடங்கியது. இஸ்ரோவின் முன்னாள் தலைவர் சதீஷ் தவானின் பெயரை 2002இல் வைத்தார்கள்.

துருவச் சுற்றுப்பாதைக்குப் போகிற பி.எஸ்.எல்.வி. நேராகத் தெற்கே போனால் கீழே இலங்கை. அதனால் முதலில் தென்கிழக்காகப் போய், பிறகு பாதையைத் திருப்பிக்கொள்கிறது. அந்தத் திருப்பத்துக்கு எரிபொருள் செலவு; அந்த அளவு எடை குறைத்துத்தான் ஏற்ற முடியும். சிறிய ராக்கெட்டுக்கு இந்த நஷ்டம் தாங்காது. குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28 அன்று இரண்டாவது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியதற்கு இது முக்கியக் காரணம்.

நேரில் பார்க்க ஆசையா? 2019 மார்ச் 31 முதல் பொதுமக்களுக்கு பார்வையாளர் மாடம் திறந்திருக்கிறார்கள். இஸ்ரோ இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும், கட்டணம் இல்லை. பெரிய ஏவுதல் என்றால் பதிவு திறந்த சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். வானம் தெளிவாக இருந்தால் பழவேற்காட்டுக் கரையே போதும், கும்மிடிப்பூண்டி மொட்டை மாடிகளிலும் தெரியும். அந்த நாளில் பழவேற்காட்டு மீனவர்களுக்குக் கடலுக்குப் போகக் கூடாது என்று சொல்லிவிடுவார்கள். நமக்கு வேடிக்கை, அவர்களுக்கு ஒரு நாள் கூலி.

போகிற வழியில் சூளூர்பேட்டை செங்காளம்மன் கோயில். சன்னதிக்குக் கதவே இல்லை; இரவும் பகலும் திறந்த கோயில்.

சத்தியவேடு நம்முடையதாக இருந்தது

இனி இடப்பக்க முட்கள். கவரைப்பேட்டையிலிருந்து மேற்கே பிரியும் ரோடு சத்தியவேட்டுக்குப் போகிறது. அந்தப் பக்கத்துக் கடைகளில் தமிழ் தாராளமாகப் புழங்குவதில் ஆச்சரியமில்லை. 1960 ஏப்ரல் 1 வரை அந்தச் சுற்றுவட்டார ஊர்கள் நம் செங்கல்பட்டு மாவட்டத்துப் பொன்னேரி, திருவள்ளூர் தாலுகாக்களில் இருந்தன. திருத்தணியும் பள்ளிப்பட்டுப் பகுதியும் இந்தப் பக்கம் வந்தபோது இவை ஆந்திராவுக்குப் போயின. ம.பொ.சி.யின் எல்லைப் போராட்டத்தைப் படித்தவர்கள் திருத்தணியை நினைவு வைத்திருப்பார்கள், கொடுத்ததை மறந்திருப்பார்கள்.

தடா அருவி என்று நாம் சொல்வது தடாவில் இல்லை. வரதய்யபாளையம் பக்கம், உப்பலமடுகு என்ற காட்டுப் பகுதியில் இருக்கிறது. நெடுஞ்சாலையில் தடாவில் திரும்பி ஸ்ரீகாளஹஸ்தி ரோட்டில் போக வேண்டும். வண்டி நிற்கும் இடத்திலிருந்து பாறைகளுக்கு நடுவே நடை. செருப்பு வேண்டாம், பிடிமானமுள்ள ஷூ. ஓடை பாசிப் பாறை. ஆழம் தெரியாத மடுவில் குதித்து உயிரை விட்டவர்கள் பெரும்பாலும் சென்னையிலிருந்து வந்த இளைஞர்கள். மழை அதிகமானால் வனத்துறை வாசலை மூடிவிடும். மூடியிருந்தால் திரும்பிவிடுங்கள், பக்கவாட்டு ஒற்றையடிப் பாதை காட்டுகிறவரை நம்பாதீர்கள்.

அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. செம்மரம் உலகத்திலேயே இயற்கையாக வளர்வது கிழக்குத் தொடர்ச்சி மலையின் இந்தத் தென்பகுதியில்தான். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேர், செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லி ஆந்திரக் காவல்துறை நடத்திய துப்பாக்கிச் சூட்டில் இறந்ததை நாம் மறக்கவில்லை. அங்கே உள்ளவர்களும் மறக்கவில்லை. அனுமதி உள்ள பாதை, அனுமதி உள்ள நேரம், கையில் அடையாள அட்டை.

கூரையில் கூழாங்கல்

ஊத்துக்கோட்டையிலிருந்து இரண்டு பக்கம் போகலாம். மேற்கே இரண்டு கிலோமீட்டரில் சுருட்டப்பள்ளி, சிவன் பள்ளிகொண்ட கோலத்தில் இருக்கும் கோயில். பிரதோஷத்தன்று காரை நிறுத்த இடம் கிடைக்காது. அதே ரோட்டில் நாகலாபுரம், கிருஷ்ணதேவராயர் தாயின் பெயரால் அமைந்த ஊர், மச்ச அவதாரப் பெருமாளின் கோயில். மார்ச்சில் மூன்று நாள் மாலை வெயில் கருவறைக்குள் போய், பாதம், நாபி, முகம் என்று ஏறும்.

தெற்கே போனால் பூண்டி ஏரி. 1940இல் அடிக்கல், 1944இல் நிறைவு. அதற்காகப் பாடுபட்ட சென்னை மேயர் சத்தியமூர்த்தி 1943லேயே இறந்துவிட்டார், ஏரிக்கு அவர் பெயர். கண்டலேறிலிருந்து 177 கிலோமீட்டர் கால்வாயில் வரும் கிருஷ்ணா தண்ணீரும் இங்கேதான் சேர்கிறது.

ஆனால் பூண்டிக்குப் போக வேண்டிய காரணம் தண்ணீர் இல்லை, கல். 1863 செப்டம்பர் 28 அன்று நிலவியலாளர்கள் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் பூண்டிக்குப் பக்கத்து அத்திரம்பாக்கம் ஓடையில் கற்கோடரிகளைக் கண்டெடுத்தார்கள். தொல்லியலாளர் சாந்தி பப்புவின் குழு அங்கே தோண்டியெடுத்தவற்றுக்கு 2011இல் வெளியான காலக்கணிப்பு சுமார் 15 லட்சம் ஆண்டு. பூண்டி அருங்காட்சியகத்தில் அந்தக் கருவிகளைப் பார்த்துவிட்டு குடியம் குகைக்கு நடங்கள். முள்காட்டு நடை, தண்ணீர் பாட்டில் கட்டாயம், உள்ளூர் வழிகாட்டி உத்தமம்.

குகை என்றால் இருட்டான பொந்து என்று எதிர்பார்க்காதீர்கள். முன்னால் தள்ளிக்கொண்டிருக்கும் பிரம்மாண்டமான பாறைத் தாழ்வாரம். அண்ணாந்து பாருங்கள்: கூரை முழுக்க முட்டை அளவிலிருந்து தேங்காய் அளவு வரை வழவழப்பான கூழாங்கற்கள், சிமென்ட்டில் பதித்த மாதிரி. 10 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் ஏதோ ஓர் ஆறு உருட்டிக் குவித்த குவார்ட்சைட் கற்கள் அவை. கூரையிலிருந்து கழன்று விழுந்து, ஓடைகளில் உருண்டு இறங்கிய அதே வகைக் கல்லைத்தான் ஆதி மனிதன் எடுத்து, விளிம்பு தட்டி, கோடரி செய்தான். மூலப்பொருள் கிடங்குக்குப் பக்கத்திலேயே பட்டறை. கும்மிடிப்பூண்டிக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. கூரையில் தேன்கூடுகளும் தொங்கும். கத்துவதும் புகை போடுவதும் வேண்டாம்.

எந்த மாதம், எந்தக் கிழமை?

பூநாரையும் வேண்டும், அருவியில் தண்ணீரும் வேண்டும் என்றால் பொங்கல் முடிந்த இரண்டு வாரம். அக்டோபர், நவம்பரில் புயல். மே மாதத்தில் குடியம் ஏறினால் வீடு திரும்பியும் தலை சுற்றும்.

செவ்வாய்க்கிழமை வேண்டாம். சொந்த வீடு வேண்டி சிறுவாபுரி முருகன் கோயிலுக்கு வரும் கூட்டத்தில் நெடுஞ்சாலைத் திருப்பமே திணறும். ஆடி ஞாயிறும் வேண்டாம். பெரியபாளையம் பவானியம்மன் கோயில் வேண்டுதல் வண்டிகளுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருப்பீர்கள்.

சனி அதிகாலையில் பழவேற்காடு. வெயில் ஏறும் முன் கல்லறைத் தோட்டம். மதியச் சாப்பாட்டுக்குள் சூளூர்பேட்டை, மூன்றரை மணிக்கு மேல் ஏரிச் சாலை. அப்போது சூரியன் மேற்கே இருப்பதால் கிழக்குப் பக்கத்துப் பறவைகள் மேல் வெளிச்சம் நேராக விழும். இரவு சூளூர்பேட்டையில் தங்கல். ஞாயிறு காலை உப்பலமடுகு, பிறகு சத்தியவேடு வழியாக ஊத்துக்கோட்டை, சுருட்டப்பள்ளி. குடியத்தையும் அதே நாளில் திணிக்காதீர்கள். அதற்குத் தனியாக ஒரு காலைப் பொழுது வேண்டும்.

திரும்பும்போது கவரைப்பேட்டை பக்கம் மீடியன் இடைவெளிகளில் எதிர்த் திசையில் ஏறிவரும் பைக்குகளையும், விளக்கில்லாமல் ஓரம்கட்டி நிற்கும் டிரெய்லர்களையும் பார்த்து ஓட்டுங்கள். நல்லூர் டோல்கேட்டுக்கு முன் ஃபாஸ்டேக்கில் பணம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.